துப்பாக்கிக்கு முன் தோட்டாவைப் பாருங்கள்



பள்ளிக்கூட வாத்தியாருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் வேட்டைக்காரர் அல்லர். துப்பாக்கி வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல வரவும் இல்லை. ஆனால் பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசாமல் காலம் தள்ள முடியாது. பன்றியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் துப்பாக்கியைப் பற்றியும் எழும்.

'நானாஸ்' என்னும் மலாய்ச் சொல்லும், நாம் வழங்கும் 'அன்னாசி' என்னும் சொல்லும் உடன்பிறப்புகள். தென் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பேச்சிலிருந்து கிளம்பி, போர்த்துக்கீசியர் வழியாக இரண்டு கரைகளிலும் வந்து இறங்கியவை. பழத்தின் பெயரையே ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். கால் வைத்தால் புதையும் கரிச்சதுப்பு நிலத்தில் அன்னாசி நன்றாக வரும். அதைச் சுற்றிச் செம்பனை, ரப்பர், இடையிடையே வெட்டாமல் விட்ட புதர்க்காடு. பன்றிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செம்பனைக் கன்று நட்ட ஒரே வாரத்தில் வரிசையாகக் கிளறிப் போட்டுவிட்டு, குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தில் இரண்டு மூன்று ஏக்கர் நிலம் வாங்கிப் போட்டிருக்கிற குடும்பத்துக்கு அந்த ஓர் இரவின் நட்டம் ஓராண்டுச் சம்பாத்தியம்.

அப்படிப்பட்ட ஒரு பெரியவர், நம்முடைய பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார், ஒரு நாள் மாலை நம்மைத் தேடி வந்தார். "வாத்தியாரையா, எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு துப்பாக்கி வச்சிருக்காரு. உரிமத்தை முடிச்சுக்கிட்டு மகன் வீட்டுக்குப் போறாராம். நல்ல இங்கிலீசுத் துப்பாக்கி, கட்டையெல்லாம் வால்நட் மரம். பாதி விலைக்குத் தர்றேங்கறாரு. போலீசுல விண்ணப்பம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். என்ன துப்பாக்கி என்று விசாரித்தோம். "பதினாறு" என்றார். உடனே பதில் சொல்லாமல், பட்டணத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரும்படி அவரை அனுப்பி வைத்தோம். அந்தக் கேள்வி என்னவென்று பிறகு சொல்கிறோம். அதற்கு முன் அந்தப் 'பதினாறு' என்ன என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ரவை சுடும் துப்பாக்கியைப் பன்னிரண்டு போர், பதினாறு போர், இருபது போர் என்று சொல்கிறார்கள். இந்தப் போர் சண்டைப் போர் அன்று. குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். எண் கூடக்கூடத் துளை பெரியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். பழங்காலத்தில் ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்து, குழலுக்குள் சரியாக அடங்கும் உருண்டைகளாக வார்ப்பார்கள். ஒரு பவுண்டில் 12 உருண்டை வந்தால் அந்தக் குழல் பன்னிரண்டு போர். 16 உருண்டை வந்தால் பதினாறு போர். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிராம். அதைப் பன்னிரண்டாக வகுத்தால் ஓர் உருண்டை சுமார் 38 கிராம். பதினாறாக வகுத்தால் 28 கிராம் சொச்சம். உருண்டை சிறுத்தால் துளையும் சிறுக்கும். பன்னிரண்டு போர் குழலின் துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், இருபது போர் குழலுக்கு 15.6 மில்லிமீட்டர். தலைகீழ் விகிதம் நடத்தும்போது வகுப்பில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் கற்ற எந்த எடுத்துக்காட்டையும்விட இது பிள்ளைகளின் மனத்தில் நன்றாகப் பதிகிறது. 'நானூற்றுப் பத்து' என்ற சிறு துப்பாக்கி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு என்று நேரடியாக அளந்து வைத்த பெயர்.

பெரியவரைக் கடையில் கேட்கச் சொன்ன கேள்வி இதுதான்: "இன்றைக்கு உங்கள் அலமாரியில் பதினாறு போர் தோட்டா எத்தனைப் பெட்டி இருக்கிறது?" அவர் திரும்பி வந்து சொன்ன பதில்: "ஒண்ணுகூட இல்லீங்க. சொல்லி வச்சா வரும்போது தரேங்கறாரு. எப்ப வரும்னு அவருக்கே தெரியல." பன்னிரண்டு போர் தோட்டாவோ, பன்றிக்கு வேண்டிய பெரிய ரவை, பறவைக்கு வேண்டிய சிறு ரவை என்று தினுசு தினுசாக அடுக்கி இருந்ததாம். பாதி விலைக்குத் துப்பாக்கி கிடைப்பதன் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

பதினாறு போர் கெட்ட துப்பாக்கி அன்று. கைக்கு அடக்கமானது, எடை குறைவு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. இன்றும் அந்தத் தோட்டாவைச் செய்பவர்கள் உலகில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு போருக்கும் இருபது போருக்கும் இடையில் மாட்டிக்கொண்டதால் வாங்குவோர் குறைந்துபோனார்கள். வாங்குவோர் குறைந்தால் ஆலை ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த அச்சைப் பூட்டி ஓட்டும். ஓட்டிய சரக்கும் முதலில் அந்தந்த நாட்டிலேயே விற்றுப்போகும். கடல் கடந்து ஜொகூர் வரை வந்து சேர்வது மிச்சம் மீதிதான்.

இதை மற்ற நாட்டுக்காரர்கள் ஒரு பெரிய காரியமாக நினைக்கமாட்டார்கள். அமெரிக்க வேட்டைக்காரன் ஒருவன் அரிய அளவுத் துப்பாக்கி வாங்கினால், தோட்டா கண்ணில் படும்போது ஆயிரக்கணக்கில் வாங்கி நிலவறையில் அடுக்கிக்கொள்வான். இல்லாவிட்டால் சுட்ட குப்பிகளைப் பொறுக்கி எடுத்து, மருந்தும் ஈயமும் தானே அடைத்துக்கொள்வான். நம் நாட்டில் இந்த இரண்டு வழியும் கிடையாது. 1960 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். தோட்டாவும் அந்த உரிமத்தைக் காட்டித்தான் வாங்கவேண்டும். எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. வீட்டில் உட்கார்ந்து தோட்டா அடைப்பது குற்றம். ஆகவே நமக்குக் கடை அலமாரிதான் நிலவறை. அங்கே இல்லாத தோட்டா நமக்கு எங்கும் இல்லை. அதனால்தான் அமெரிக்கப் பத்திரிகையில் "இந்த அளவு நன்றாகப் பாயும், அந்த அளவு அதிர்ச்சி குறைவு" என்று எழுதுவதை எல்லாம் நாம் இரண்டாவதாக வைக்கவேண்டியிருக்கிறது. இன்னும் இருபது ஆண்டு கழித்தும் இது கிடைக்குமா என்பதே நம்முடைய முதல் கேள்வி.

தோட்டா கிடைக்காமல் போவதற்கு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. நமக்கு நெருக்கமான இந்தியக் கதையையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் படைவீரர்கள் வைத்திருந்தது மார்ட்டினி-ஹென்றி என்ற துப்பாக்கி. அதன் குண்டு .450 அளவு, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 450 பங்கு. யானை, காட்டெருமை, புலி சுடுகிற பெரிய வேட்டைத் துப்பாக்கிகளும் பல .450 அளவிலேயே இருந்தன. வேட்டைக்காரன் பெயரில் வரும் சரக்கு கலகக்காரன் கைக்குப் போய்விடுமோ என்று அரசாங்கத்துக்கு அச்சம். 1907 வாக்கில் அந்த அளவைத் தனியார் இந்தியாவுக்குக் கொண்டுவரக் கூடாது என்று தடுத்தார்கள். தோட்டா நன்றாக இருந்தது, செய்பவனும் இருந்தான், வாங்குபவனும் இருந்தான். சட்டம் ஒன்று மாறியதும் எல்லாம் நின்றது. இலண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று ஆளுக்கொரு புது அளவை இறக்கிவிட்டன. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் சேராது. சமஸ்தான ராஜாக்கள் வாங்கிக் குவித்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. இந்தப் பெரிய தோட்டாக்களை எல்லாம் செய்துவந்த முக்கியமான பெயர் கைனாக். பேரரசு கரைந்தது, யானை வேட்டையும் குறைந்தது, 1970 வாக்கில் கைனாக் இவற்றைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஒரு வீட்டின் விலை கொடுத்து வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சுவரில் தொங்கும் அலங்காரப் பொருளாயின. .470 அளவை மட்டும் ஓர் அமெரிக்கக் கம்பெனி 1980களின் இறுதியில் மீண்டும் செய்யத் தொடங்கியது. அதன் உடன்பிறந்த அளவுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் அவ்வளவு எளிதில் வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டுக் காடுகளைச் சேர்ந்த கதை இன்னொன்று. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்பவரை நேயர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910 இல் பிறந்து 1974 இல் மறைந்தவர். ஜவளகிரி, சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆளைக் கொல்லும் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் திரிந்து, அந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதியவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 1904 இல் வெளிவந்த அமெரிக்க அளவு அது. அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 1909 இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது, சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்று கொண்டாடியதும் இதையே. பெரும்பாலும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரித் துப்பாக்கி, அதற்கென்றே வந்த தோட்டா. துப்பாக்கி செய்வதை முதலில் நிறுத்தினார்கள்; சில காலம் கழித்துத் தோட்டாவும் நின்றது. 2000க்குப் பிறகு வேறொரு கம்பெனி பழைய நினைவுக்காக அதை மறுபடி செய்தது. இடையில் இருந்த அத்தனை ஆண்டுகளும் அந்தத் துப்பாக்கி வைத்திருந்தவன் கையிருப்பை எண்ணி எண்ணித்தான் சுட்டிருக்கவேண்டும்.

இதற்கு மாறாக ஜிம் கார்பெட்டைப் பாருங்கள். 1907 இல் சம்பாவத் என்ற இடத்தில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் பெண்புலியைச் சுட்டதற்காக, மாகாண ஆளுநர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது .275 ரிக்பி என்ற துப்பாக்கி. பெயர்தான் ரிக்பி. உள்ளே போகும் தோட்டா 1892 இல் ஜெர்மனியில் மௌசர் கம்பெனி செய்த 7 மில்லிமீட்டர் தோட்டா. ஸ்பெயினும் தென் அமெரிக்க நாடுகள் பலவும் தங்கள் படைகளுக்கு அதையே எடுத்துக்கொண்டன. ஆகவே உலகின் பல மூலைகளில் பல ஆலைகள் அதைச் செய்தன. நூற்று முப்பது ஆண்டு கடந்தும் இன்றைக்கும் செய்கிறார்கள். ஆண்டர்சன் துப்பாக்கி பெரும்பாலும் ஒரு கம்பெனியை நம்பியிருந்தது. கார்பெட் துப்பாக்கி பத்து நாட்டை நம்பியிருந்தது. ஒரே தோட்டாவுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதையும் இங்கே கவனியுங்கள். பெட்டியில் உள்ள பெயரையும் குழலில் வெட்டியுள்ள எழுத்தையும் கடைக்காரரைக் கொண்டு ஒத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நெடுநாள் நிலைத்த தோட்டாக்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டுப் படை அவற்றைக் கோடிக்கணக்கில் செய்ய வைத்திருக்கிறது. அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு நின்ற சிறப்புக் காவலர்கள் தோளில் மாட்டியிருந்த .303, பிரிட்டிஷ் படை 1888 இல் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் .30-06 என்பதில் உள்ள 06, 1906 ஆம் ஆண்டைக் குறிக்கும். .308 வந்தது 1952 இல். அல்லது பொதுமக்கள் மலிவாக வாங்கிச் சுடுகிற சிறு தோட்டாவாக இருக்கவேண்டும். 1887 இல் வந்த .22 அப்படி நிலைத்தது. இரண்டும் இல்லாமல் 'எல்லாவற்றிலும் சிறந்தது' என்ற விளம்பரத்தோடு வந்த எத்தனையோ அளவுகள் பத்துப் பதினைந்து ஆண்டில் மறைந்துவிட்டன. தரம் குறைந்ததால் அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் படைத் தோட்டாதான் நிலைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. அதே இந்தியாவில் .303 படைக்கு உரியது என்பதால் பொதுமக்களுக்குத் தடை. எனவே .315 என்ற தனி அளவு வேட்டைக்காரர்களிடம் பரவியது. விடுதலைக்குப் பின் கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரில் இருக்கும் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அந்த அளவிலேயே துப்பாக்கி செய்து விற்றது. தோட்டாவையும் அரசாங்க ஆலைகளே செய்தன. 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றுபோன பிறகும், பயிர்க் காவலுக்கும் தற்காப்புக்கும் உரிமம் பெற்றவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். உலகச் சந்தையில் .315 என்றால் யாரென்று கேட்பார்கள். இந்தியாவிலோ அதுதான் எளிதில் கிடைப்பது. ஆகவே உலகத்தில் எது பெயர் பெற்றது என்பதைவிட, நம் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது, நம் ஊர்க் கடையில் எது இருக்கிறது என்பதே கணக்கு.

நம் ஊரில் அந்தக் கணக்கைப் போட்டால் விடை பன்னிரண்டு போர்தான். தீபகற்ப மலேசியாவில் பயிர்க் காவலுக்காகச் சாதாரணக் குடிமகன் கையில் நாம் காண்பது, நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற துப்பாக்கி. மலாயில் 'செனாப்பாங் பாத்தா' என்பது. குழல் சுழித்த ரைஃபிள் மிக அரிது. அதன் குண்டு மைல் கணக்கில் ஓடக்கூடியது. லயங்களும் கம்பங்களும் நெருங்கியுள்ள இடத்துக்கு அது ஆகாது. பன்னிரண்டு போர் தோட்டா இன்றுள்ள வடிவத்தை 1860களிலேயே ஏறக்குறைய அடைந்துவிட்டது. அதைச் செய்யாத தொழில்நாடு இல்லை என்றே சொல்லலாம். காவலுக்கும் அதுவே, போட்டிகளில் மண்தட்டைச் சுடுவதற்கும் அதுவே, வேட்டைக்கும் அதுவே. ஒரு நாட்டிலிருந்து வருவது நின்றால் இன்னொரு நாட்டிலிருந்து வரும்.

தட்டுப்பாடு வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. 2020 இல் கோவிட் வந்து எல்லைகள் மூடப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் பழைய பெரிய தோட்டாக் கம்பெனியான ரெமிங்டன் திவாலாயிற்று. 2022 இல் உக்ரேன் போர் மூண்ட பிறகு, பீரங்கிக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் மருந்துக்குக் கிராக்கி கூடியது. அது பஞ்சிலிருந்து செய்கிற பொருள். வேட்டைத் தோட்டாவின் மருந்துக்கும் அதுவே மூலப்பொருள். இப்படிப்பட்ட நேரத்தில் ஆலைக்காரன் என்ன செய்வான்? அதிகம் விற்கும் நான்கைந்து அளவுகளை மட்டும் ஓட்டுவான். அரிய அளவுகளை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கிவிடுவான். பன்னிரண்டு போர் விலை ஏறும். ஆனால் அடியோடு இல்லாமல் போகாது. பதினாறு போர்க்காரன்தான் வெறுங்கையோடு திரும்பவேண்டும்.

பன்னிரண்டு போர் என்று முடிவு செய்துவிட்டால் வேலை தீரவில்லை. தோட்டாவின் நீளம் என்று ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் கையும் கண்ணும் போகிற விஷயம்.

பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குல நீளத்துக்கே வெட்டப்பட்டது. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். மூன்று அங்குலத் தோட்டாவும் உண்டு. தோட்டாவின் முனை மடித்து மூடப்பட்டிருப்பதால், நீளமான தோட்டாவும் பழைய அறைக்குள் தடையில்லாமல் போய் உட்கார்ந்துவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் அந்த மடிப்பு விரிய இடமின்றிக் குழலை நெரிக்கும். அழுத்தம் மிஞ்சும். எனவே பழைய துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும், குழலின் அடியில் வெட்டியுள்ள எண்ணைக் கடைக்காரர் பார்த்துச் சொல்லும் வரை அதில் தோட்டா போடக்கூடாது. இரண்டரை அங்குலத் தோட்டா தேடி அலைவதும் பதினாறு போர் தேடி அலைவதும் ஏறக்குறைய ஒன்றுதான். 70 மில்லிமீட்டர் அறை உள்ள துப்பாக்கியே நமக்கு ஏற்றது.

அண்ணன் தம்பி இரண்டு பேர் இரண்டு அளவு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. இருபது போர் தோட்டா தவறுதலாகப் பன்னிரண்டு போர் குழலில் விழுந்தால் வெளியே விழாது; அறையைத் தாண்டிச் சற்று முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து மேலே ஒரு பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால், இரண்டும் சேர்ந்து குழலையே பிளந்துவிடும். இதற்காகவே இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே அளவு என்று நாம் வற்புறுத்துவதற்குக் கிடைக்கும் வசதி மட்டும் காரணமன்று.

ரவையின் பெயர்களும் குழப்பும். எல்.ஜி. என்பது பெரியது, ஓர் அவுன்சுக்கு 6 ரவை. எஸ்.ஜி. அவுன்சுக்கு 8. இவை பன்றிக்கு. பி.பி. 70, நான்காம் எண் 170, ஆறாம் எண் 270; இவை சிறு பிராணிக்கும் பறவைக்கும். இங்கேயும் எண் ஏறினால் ரவை சிறுக்கும். ஆறாம் எண்ணைக் கொண்டு பன்றியைச் சுடுவது பாவம். அது சாகாது, காயத்தோடு ஓடி, மறுநாள் காலை மரத்தடியில் பால்வெட்டிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையின் மேல் பாயும். இந்த எண்கள் ஆங்கில முறை. அமெரிக்க, ஐரோப்பியப் பெட்டிகளில் எண் கொஞ்சம் மாறும். பெட்டியில் மில்லிமீட்டர் கணக்கும் போட்டிருப்பார்கள். அதைப் பார்ப்பது நல்லது.

இத்தனையும் வாங்கி வந்து சமையலறைப் பரணில் வைத்தால் எப்படி இருக்கும்? முன்பு தோட்டாவின் உடல் காகிதம். நம் மழைக்கு அது ஊறிப் பருத்து, குழலுக்குள் போகாது. போனால் வெளியே வராது. 1960 இல் ரெமிங்டன் கம்பெனி பிளாஸ்டிக் தோட்டாவைக் கொண்டுவந்த பின் அந்தத் தொல்லை குறைந்தது. ஆனாலும் அடியில் உள்ள பித்தளை பச்சை பூக்கும்; ஈரம் புகுந்தால் மருந்து சுணங்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியே, பூட்டி வைக்கவேண்டும். பழைய பெட்டியை முதலில் தீர்த்துவிட்டுப் புதியதைத் திறக்கவேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்கக்கூடாது. குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருக்கவேண்டும். பச்சை பூத்த பழைய தோட்டாக்களைக் குப்பையோடு எரிப்பது கூடவே கூடாது. காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் முறை.

துப்பாக்கி உரிமம் இருப்பதால் எதையும் சுடலாம் என்று பொருளில்லை. 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி சுடுவதற்கும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனியே வேண்டும். இந்தத் தீபகற்பத்தில் புலிகள் 150க்கும் குறைவாகவே மிஞ்சியுள்ளதாக நாடு தழுவிய கணக்கெடுப்பில் தெரிந்திருக்கிறது. பன்றி அந்தப் புலிக்கு உணவு. வேலி போட்டாலே தீருகிற இடத்தில் தோட்டா எதற்கு என்றும் நமக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆனால் வேலிக்கம்பியின் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் நம்மைக் கோபமாகப் பார்க்கிறார்கள். சதுப்பு நிலத்தில் கம்பம் நட்டால் இரண்டு மழையில் சாய்ந்துவிடுகிறது என்பதும் உண்மைதான்.

குழாயை அறுத்து நாட்டுத் துப்பாக்கி செய்வது, கம்பி கட்டிப் பொறித் துப்பாக்கி வைப்பது, இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டா கிடைக்காதவன்தான் பெரும்பாலும் இதில் இறங்குகிறான். பொறித் துப்பாக்கிக்குப் பன்றி எது, விறகு பொறுக்க வந்த கிழவி எது என்று தெரியாது. சட்டமும் இதில் மிகக் கடுமையானது. 1971 ஆம் ஆண்டுச் சுடுகலன் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும்.

இந்தச் சட்டம் நல்ல குடும்பங்களின் மேல் பாயக்கூடிய ஒரு வழி இருக்கிறது. உரிமம் என்பது நிலத்தைப் போலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவதில்லை. அது ஓர் ஆளுக்குக் கொடுத்தது. அந்த ஆள் போனால் அதுவும் போயிற்று. வீட்டுக்காரர் இறந்த துக்கத்தில் துப்பாக்கி அலமாரியிலேயே கிடக்கும்; ஓராண்டு கழித்து மகன் எடுத்துத் துடைத்து வைப்பான்; அந்த நேரத்தில் சட்டப்படி அவன் கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். ஆகையால் தாய்மார்களே, வீட்டில் துப்பாக்கி இருந்தால் உரிமத்தின் நகலையும் தோட்டாக் கணக்கையும் எங்கே வைத்திருக்கிறார் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏதேனும் ஆகிவிட்டால், பிள்ளைகளை அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகச் சொல்லவேண்டாம். முதலில் பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்லுங்கள். தோட்டத்துக் கிராணியையோ பள்ளி ஆசிரியரையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்கிறபடி துப்பாக்கியையும் மீதித் தோட்டாவையும் எண்ணி ஒப்படைத்து, எத்தனைத் தோட்டா என்று எழுதிய சீட்டைக் கையொப்பத்துடன் வாங்கி, இறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகு மகன் தன் பெயரில் உரிமம் கேட்டு மாவட்டக் காவல்துறைத் தலைவருக்கு மனுப் போடலாம். அதற்கு அந்தச் சீட்டு வேண்டியிருக்கும்.